வீட்டாள் கூலியை எங்கே எழுதுவது?

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது.’ டீக்கடையோ, உரக்கடைத் திண்ணையோ, பால் சொசைட்டி வாசலோ... விவசாயிகள் நாலு பேர் கூடுகிற இடத்தில் இந்தப் பழமொழி ஒரு தடவையாவது வந்துவிடும். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அதோடு பேச்சு மழைக்கோ, அரசியலுக்கோ மாறிவிடும். உழக்கு என்பது நாழியில் கால் பங்கு. அதுகூட மிஞ்சாத தொழிலுக்கு நோட்டு எதற்கு, பேனா எதற்கு என்பதுதான் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம்.

கொஞ்சம் நிதானமாக யோசித்தால் இன்னொன்றும் புரியும். கணக்குப் பார்த்தால் மிஞ்சாது என்று சொன்ன ஆள், முதலில் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் அது தெரிந்திருக்க வழியில்லை. விதை, ஏர், எரு, தன் உழைப்பு, மனைவியின் உழைப்பு, பிள்ளைகளின் உழைப்பு என எல்லாவற்றுக்கும் விலை போட்டுப் பார்த்த யாரோ ஒரு பெரியவர் சொன்ன வார்த்தை அது. பின்னால் வந்தவர்கள் விடையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, கணக்கை விட்டுவிட்டார்கள்.

எல்லோரிடமும் ஒரு நோட்டு

கிராமத்துக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்ல முடியாது. மொய் நோட்டைப் பார்த்தாலே போதும். பதினைந்து வருடத்துக்கு முன்பு நடந்த காதுகுத்துக்கு எந்த ஊர் பங்காளி 201 ரூபாய் எழுதினார், யார் 101-ஓடு நிறுத்திக்கொண்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பட்டுப்புடவைக்கு அடியில், பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும். அதே வீட்டில், போன போகத்துக்கு எத்தனை மூட்டை உரம் போட்டீர்கள் என்று கேட்டால், ‘அது கிடக்குது ஒரு ஆறேழு மூட்டை’ என்றுதான் பதில் வரும்.

விவசாயியோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் எல்லோரிடமும் ஒரு நோட்டு இருக்கிறது. உரக்கடைக்காரரிடம் கடன் நோட்டு இருக்கிறது. காய்கறிக் கமிஷன் கடையில் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன் எல்லாம் கழித்துச் சீட்டு எழுதித் தருகிறார்கள். பால் சொசைட்டியில் லிட்டரும் கொழுப்பும் இதரச் சத்தும் வேளைக்கு வேளை பதிவாகின்றன. கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு இருக்கிறது. டிராக்டர்காரர்கூட எத்தனை மணிநேரம் ஓட்டினார் என்பதை செல்போனில் குறித்துக்கொள்கிறார். இத்தனை பேருக்கும் நடுவில் நோட்டு இல்லாமல் நிற்பவர் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர்தான். ‘இந்த வருஷம் எப்படிங்க?’ என்று கேட்டால், ‘ஏதோ ஓடுது’ என்கிறார். ஓடுவது எந்தப் பக்கம் என்பது அவருக்கும் சரியாகத் தெரியாது.

அரசாங்கம் எழுதும் கணக்கு

நெல், கோதுமை, பருத்தி, நிலக்கடலை போன்ற பயிர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைப்பது, வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம். 1965-ல் தொடங்கப்பட்ட அமைப்பு. சாகுபடிச் செலவை அது மூன்று விதமாகப் பார்க்கிறது. விதை, உரம், மருந்து, கூலி, டீசல், குத்தகை என்று கையை விட்டுப் போகும் செலவு ‘ஏ2’. அதோடு, சம்பளம் வாங்காமல் உழைக்கும் குடும்பத்தாரின் உழைப்புக்கும் ஒரு மதிப்புப் போட்டுச் சேர்த்தால், ‘ஏ2+எஃப்.எல்’. சொந்த நிலத்துக்கு வாடகை, சொந்த முதலுக்கு வட்டி ஆகியவற்றையும் சேர்த்தால் ‘சி2’.

எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2006-ல் கொடுத்த இறுதி அறிக்கை, உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவிகிதம் வைத்து ஆதரவு விலை தர வேண்டும் என்றது. 2018-ம் ஆண்டு பட்ஜெட்டில் ஒன்றரை மடங்கு விலை என்று அறிவித்த மத்திய அரசு, அதற்கு எடுத்துக்கொண்டது ‘ஏ2+எஃப்.எல்’ கணக்கை. ‘சி2’-வைத்தான் எடுக்க வேண்டும் என்று விவசாயச் சங்கங்கள் கேட்கின்றன. அந்த வாதம் இன்னும் முடியவில்லை. ஆனால், வீட்டாள் உழைப்புக்கு விலை உண்டா, இல்லையா என்பதில் இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லை. உண்டு என்றுதான் இருவருமே சொல்கிறார்கள்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2018-19 விவசாய ஆண்டுக்கு எடுத்த கணக்கெடுப்பில், இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து வந்தது 3,798. கூலி, சம்பளம் மூலமாக வந்தது 4,063. அதாவது, விளைச்சலைவிடக் கூலியில் வருவது அதிகம். கையிலிருந்து பணமாகப் போகாத செலவுகளுக்கும் மதிப்புப் போட்டுக் கழித்தால், அந்த 10,218 ரூபாய் 8,337-ஆகக் குறைந்துவிடுகிறது.

தக்காளிக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பாலுக்கும் அந்த ஆணையம் விலை பரிந்துரைப்பதில்லை. அவற்றை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு யாரும் வந்து கணக்குப் போட்டுத் தர மாட்டார்கள். அவர்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

அரை ஏக்கர் தக்காளி

உடுமலைப் பக்கம் எந்த ஊரிலும் பார்க்கக்கூடிய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டரை ஏக்கர் தோட்டம். ஒரு கிணறு. தென்னைக்குப் போக மீதி இடத்தில் காய்கறி. கட்டுத்தரையில் இரண்டு கறவை மாடுகள். கணவன், மனைவி, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள். 50 சென்டில் போட்ட தக்காளி ஓய்ந்து, செடியைப் பிடுங்கிப் போட்டாகிவிட்டது. பக்கத்தில் ஒரு ஏக்கர் குத்தகைக்கு வருகிறது. வருடத்துக்கு 25,000 ரூபாய். அதையும் எடுத்துத் தக்காளி போட்டுவிடலாம் என்று வீட்டுக்காரருக்கு ஆசை.

மகளுடைய பழைய பள்ளி நோட்டில் பாதி வெள்ளையாகக் கிடந்தது. அதில் அந்தப் போகம் முழுக்க நாளுக்கு ஒரு வரி என்று அவளேதான் எழுதி வந்தாள். கடைசியில் கூட்டிப் பார்த்தபோது வந்தது இது. உழவு 2,500. நாற்று 4,000. உரம், மருந்து 11,000. களைக்கும் பறிப்புக்கும் வெளியாள் கூலி 12,000. வண்டி வாடகையும் கமிஷனும் 12,500. மொத்தம் 42,000. வரவு, 14 கிலோ பெட்டிகளாக 500 பெட்டி. ஏறி இறங்கிய விலையில் சராசரி 130 ரூபாய். மொத்தம் 65,000.

‘‘இருபத்து மூணாயிரம் நின்னிருக்குது. பரவால்ல’’ என்றார் அவர்.

‘‘ஏனுங்கப்பா, அம்மாவுக்கு எத்தனைன்னு எழுதறது?’’ என்றாள் மகள். நோட்டில் ஆள் கணக்கும் இருந்தது. அம்மா 38 நாள், அப்பா 45 நாள்.

‘‘வீட்டாளுக்கு ஆராச்சும் கூலி போடுவாங்களா சாமி?’’

மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த அம்மா அங்கிருந்தே சொன்னார். ‘‘அப்ப ஒண்ணு பண்ணலாமுங்க. நாளையிலருந்து நான் அடுத்த தோட்டத்துக்குக் களை வெட்டப் போறேன். 350 குடுக்கறாங்க. நம்ம தோட்டத்துக்கு வேற ஆளைக் கூப்பிட்டு 350 குடுங்க. அப்ப நோட்டுல எழுதித்தானுங்க ஆகோணும்?’’

பொருளாதாரம் படித்தவர்கள் பல பக்கங்களில் விளக்குவதை அந்த அம்மா நான்கு வரியில் சொல்லிவிட்டார். ஒருவர் தன் வீட்டு வேலையைச் செய்வதால் விட்டுக்கொடுப்பது எதுவோ, அதுதான் அந்த வேலையின் விலை.

எழுதினார்கள். பெண்ணாள் கூலி 350 வீதம் 38 நாளுக்கு 13,300. ஆண் கூலி 600 வீதம் 45 நாளுக்கு 27,000. சேர்த்தால் 40,300. நின்றதாக நினைத்த 23,000 போய், 17,300 ரூபாய் பள்ளம் விழுந்தது.

இந்த இடத்தில்தான் பலர் நோட்டை மூடிவிடுகிறார்கள். மூட வேண்டியதில்லை. பள்ளம் என்றால் கையிலிருந்த பணம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. 23,000 ரூபாய் கையில் இருப்பது உண்மைதான். அதை வேறு மாதிரி படிக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து 83 நாள் உழைத்ததற்கு 23,000. ஒரு நாளைக்கு 277 ரூபாய். அடுத்தவர் தோட்டத்தில் 350-க்கும் 600-க்கும் போகிற உழைப்பு, சொந்தத் தோட்டத்தில் 277-க்குப் போயிருக்கிறது. அவ்வளவுதான் அந்தக் கணக்கு சொல்வது.

குத்தகைக் கணக்கையும் அதே அளவில் போட்டுப் பார்த்தார்கள். ஒரு ஏக்கருக்கு 46,000 நிற்கும் என்று வைத்தால், குத்தகை 25,000 போக மீதி 21,000. அதற்கு வீட்டாட்கள் 166 நாள் நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு 126 ரூபாய். விலை நன்றாக ஏறினால் மாறும்தான். இறங்கினாலும் மாறும்.

அந்த நோட்டில் இன்னொரு பத்தியும் இருந்தது. பறிப்பு நாட்களில் மகள் தன் பெயருக்கு எழுதிய வரிகள். ‘நான், அரை நாள். பள்ளிக்கூடம் போகவில்லை.’ இப்படி ஆறு இடத்தில். அப்பா அதை அன்றுதான் பார்த்தார். அதற்கு எந்தக் கூலி போடுவது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. குத்தகைப் பேச்சு அதோடு நின்றது.

இரண்டு மாடு, ஆறு மணிநேரம்

பால் கணக்கில் இன்னும் கவனம் வேண்டும். பால் பணம் மொத்தமாகக் கைக்கு வருவதால், அது லாபம் போலவே தெரியும். அந்த வீட்டில் இரண்டு மாடும் சேர்ந்து நாளுக்கு 14 லிட்டர். வீட்டுக்கு 2 லிட்டர் போக, 12 லிட்டர் சொசைட்டிக்கு. 35 ரூபாய் வீதம் 420 ரூபாய். கலப்புத் தீவனம் 180, சோளத்தட்டு 40, தாது உப்பு, மருத்துவம் 20 என 240 போனால் மீதி 180. வீட்டுக்கு வைத்த பாலையும் மதித்துச் சேர்த்தால் 250. எரு தனி. அதற்காகத்தான் பலர் மாடு வைத்திருக்கிறார்கள் என்பதும் உண்மை.

ஆள் கணக்கு எழுதிப் பார்த்தால், சாணி அள்ளுவது, கறவை, சொசைட்டிக்குப் போய் வருவது, வரப்பு வரப்பாகப் போய்ப் புல் அறுத்துச் சுமந்து வருவது, சாயங்காலம் மறுபடி இதே வேலை. நாளுக்கு ஆறு மணிநேரம். 250 ரூபாயை ஆறால் வகுத்தால், மணிக்கு சுமார் 42 ரூபாய். களை வெட்டப் போனால் அதே ஆறு மணிநேரத்துக்கு 350. மணிக்கு 58. இதில் பெரும்பங்கு வேலை மனைவியுடையது. ஞாயிறும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. இடுப்பு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு செய்த வேலை.

மாட்டை விற்றுவிடலாம் என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. எங்கே நேரம் போகிறது என்பதைக் காட்டியது. புல்லுக்கு மட்டும் தினமும் ஒன்றரை மணிநேரம் போனது. கட்டுத்தரையை ஒட்டிப் பத்து சென்டில் கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லின் கரணையை நட்டார்கள். 75 முதல் 80 நாளில் முதல் அறுவடை. பிறகு, 45 நாளுக்கு ஒரு தடவை அறுக்கலாம். ஓரத்தில் வேலிமசால். தக்காளியை 25 சென்டோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த அளவுக்கு இரண்டு பேர் கை போதும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் பறிப்புக்குக் கூப்பிட வேண்டியதில்லை. ஆறு மணிநேரம் நாலரையாகக் குறைந்தால், அதே 250 ரூபாய்க்கு மணிக்கு 55 ரூபாய் ஆகிறது. மாடும் அதேதான், பாலும் அதேதான்.

மனசுக்குப் பிடித்த கூலி

கணக்கு என்றதும் சிலருக்குக் கோபம் வரும். மண்ணோடு இருக்கும் உறவை ரூபாயில் எழுதலாமா என்பார்கள். அந்தக் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. அந்த வீட்டுக்காரரும் அப்படித்தான் சொன்னார். ‘‘அடுத்தவன் தோட்டத்துல 600-க்கு நிக்கறதுக்கு, என் தோட்டத்துல 277-க்கு நின்னுக்கறேன்.’’

யாருக்கும் கை கட்டி நிற்காமல், தன் வேலையைத் தானே முடிவு செய்து, தன் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, நிழலில் உட்கார வேண்டும் என்று தோன்றினால் உட்காரும் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. அதற்காக ஒருவர் நாளுக்கு 323 ரூபாயை விட்டுக்கொடுக்கலாம். அது அவருடைய உரிமை. தெரிந்தே விட்டுக்கொடுப்பதில் கௌரவமும் இருக்கிறது.

மனைவி கேட்ட கேள்வி வேறு. ‘‘நீங்க நிக்கறது சரிங்க. என்னையும் அதே 277-க்கு நிக்க வெச்சீங்களே, ஒரு வார்த்தை கேட்டீங்களா?’’

சிறு விவசாயக் குடும்பங்கள் பலவற்றில் கேட்கப்படாமலேயே இருக்கும் கேள்வி இது. நிலத்தின் மீதுள்ள பாசத்துக்கு விலையைக் கொடுப்பவர் ஒருவராகவும், அந்தப் பாசத்தைப் பெருமையாகப் பேசுபவர் இன்னொருவராகவும் இருந்தால், அது நீண்ட நாள் தாங்காது. முதலில் உடம்பு சொல்லும். பிறகு, பிள்ளைகள் சொல்வார்கள். ‘விவசாயம் வேண்டாம்’ என்று ஊரை விட்டுப் போகும் பிள்ளைகளில் பலர், நஷ்டத்தைப் பார்த்துப் போவதைவிட, அம்மாவின் உழைப்புக்கு அந்த வீட்டில் கணக்கே இல்லாமல் போனதைப் பார்த்துத்தான் போகிறார்கள்.

பஸ் காசு வரைக்கும்

தன்னை மேம்படுத்திக்கொள்வது பற்றி இப்போது நிறையப் பேச்சு இருக்கிறது. விடிந்தால் செல்போனில் பொன்மொழி வந்து நிற்கிறது. அதிகாலையில் எழு, பெரிதாகக் கனவு காண் என்கிறது. நாலு மணிக்கே எழுந்து சாணி அள்ளுகிற வீட்டுக்கு அந்த யோசனையால் பெரிய பயனில்லை.

காந்தி சத்திய சோதனையில் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். 1888-ல் லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போன அவர், அங்கே பஸ் கட்டணம், தபால் செலவு, செய்தித்தாளுக்குக் கொடுத்த சில்லறை வரை எழுதி வைத்து, தினமும் இரவு படுப்பதற்கு முன்பு இருப்பைச் சரிபார்ப்பாராம். அந்தக் கணக்கைப் பார்த்ததும் செலவைப் பாதியாகக் குறைக்க முடிவெடுத்தார். நடந்து போகும் தூரத்தில் அறை எடுத்துக்கொண்டார். வண்டிச் செலவு போனது. தினமும் எட்டுப் பத்து மைல் நடந்ததில் உடம்பும் தேறியது. பிற்காலத்தில் பொதுப்பணத்தை லட்சக்கணக்கில் கையாண்டபோதும் அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது என்கிறார். யாரும் உபதேசம் செய்து அவர் மாறவில்லை. தன் கையெழுத்தில் தானே எழுதிய எண்ணைப் பார்த்து மாறினார்.

விவசாயக் குடும்பத்துக்கும் அதே அளவு போதும். நோட்டில் நான்கு பத்தி. தேதி, வேலை, யார் எத்தனை மணிநேரம், வரவு அல்லது செலவு. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம். ஒரு பயிருக்கு ஒரு பக்கம் தனியாக, மாட்டுக்கு ஒரு பக்கம் தனியாக. சொந்த எருவையும் சொந்த விதையையும் ஊர் விலைக்கு மதித்துச் செலவில் எழுத வேண்டும். வீட்டுக்கு எடுத்துக்கொண்ட நெல், காய், பால் ஆகியவற்றை வரவில் எழுத வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, நஷ்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்து மனம் உடைகிறார்கள். கடன் பக்கத்தில் கெடு தேதியைப் பெரிய எழுத்தில் எழுதி வைப்பது நல்லது. தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டி கிடையாது. தேதி மறந்தால்தான் வட்டி ஏறும்.

ஒரு நாள் விடுபட்டால் அதற்காக வருத்தப்படத் தேவையில்லை. மறுநாள் எழுதிக்கொள்ளலாம். அமாவாசைக்கு ஏர் பூட்டாத வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. அந்த நாளில் கணவன், மனைவி இருவரும் உட்கார்ந்து மாதக் கணக்கைக் கூட்டினால் போதும். பேனா பிள்ளைகள் கையில் இருக்கட்டும். அவர்களுக்கும் பண்ணயம் புரியும். எழுதுவதைவிட, கூட்டிய பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பேசுவதுதான் முக்கியம். எந்த வேலை யாருடைய தலையில் அதிகமாக விழுகிறது? அதில் எதைக் குறைக்கலாம், எதைப் பிரித்துக்கொள்ளலாம்? அடுத்த போகத்துக்கு எத்தனை கை இருக்கிறது, அந்தக் கைகளுக்கு எத்தனை சென்ட் தாங்கும்?

முதல் வரியில் எதை எழுதுவது என்று யோசிக்க வேண்டியதில்லை. இன்று காலையில் மாட்டைக் கறந்தது யார், அவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.